சான்றிதழும் வசூலும்: வயது வந்தோருக்கான அனிமேஷன் படங்களின் வணிக வரலாறு

அனிமேஷன் படம் குழந்தைகளுக்கும் குடும்பத்துக்கும் உரியது, அதை வயது வந்தோருக்கென்று எடுத்தால் போட்ட பணம் திரும்பாது என்னும் எண்ணம் அமெரிக்கத் திரைத்தொழிலில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வேரூன்றியிருக்கிறது. வசூல் பட்டியலின் உச்சியை மட்டும் பார்ப்பவருக்கு இது மறுக்க முடியாததாகவே தோன்றும். டிஸ்னி, பிக்சார், இல்லுமினேஷன் போன்ற நிறுவனங்களின் குடும்பப் படங்களே அங்கு நிறைந்திருக்கின்றன. ஆனால் அந்தப் பட்டியல் வந்த பணத்தை மட்டுமே சொல்கிறது, போன பணத்தைச் சொல்வதில்லை. செலவையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது, வயது வந்தோருக்கான அனிமேஷன் படங்களின் வெற்றி தோல்விகளுக்குச் சான்றிதழ் ஓரளவே காரணம் என்பதும், படத்துக்கு ஆன செலவு அதற்காக முன்பே திரண்டிருந்த ரசிகர் கூட்டத்தின் அளவுக்குப் பொருந்தியதா என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்தது என்பதும் புலப்படுகின்றன. 1969 முதல் 2025 வரையிலான சில படங்களைக் கொண்டு இதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சான்றிதழைப் பற்றி. அமெரிக்காவில் 1934 முதல் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தப்பட்ட தயாரிப்பு விதித்தொகுப்பு, எல்லாப் படங்களும் எல்லோருக்கும் ஏற்றவையாக இருக்க வேண்டுமென்று வற்புறுத்தியது. அதுவரை குட்டைப் பாவாடையும் குறும்பு நடனமுமாக வலம்வந்த பெட்டி பூப் என்னும் கார்ட்டூன் பாத்திரம் அதன்பின் அடக்கமான இல்லத்தரசியாக உடை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. 1968 நவம்பரில் அந்த விதித்தொகுப்பு கைவிடப்பட்டு, படங்களை வயதுக்கேற்ப வகைப்படுத்தும் முறை வந்தது. அதன்படி ஆர் சான்றிதழ் பெற்ற படத்தை 17 வயது நிரம்பாதவர் பெற்றோர் அல்லது பொறுப்பான பெரியவர் ஒருவருடன் சென்று பார்க்கலாம். எக்ஸ் குறியிட்ட படத்துக்குச் சிறார் எவ்வகையிலும் செல்ல முடியாது. 1990இல் அதன் இடத்தில் என்சி-17 என்னும் குறி கொண்டுவரப்பட்டது. ஜப்பானில் ஜி, பிஜி12, ஆர்15+, ஆர்18+ என நான்கு வகைகள் உள்ளன. இந்தியாவின் ஏ சான்றிதழோ, பெற்றோர் உடன் வந்தாலும் 18 வயதுக்குட்பட்டோரை அனுமதிப்பதில்லை. அத்துடன் ஏ சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் ஒளிபரப்பவும் இயலாது என்பதால், தயாரிப்பாளர்கள் காட்சிகளைக் குறைத்தாவது யுஏ சான்றிதழ் பெற முயல்வது வழக்கம். ஆகவே அமெரிக்காவின் ஆர் சான்றிதழை இந்தியாவின் ஏ சான்றிதழுக்கு நிகராகக் கொள்வது பிழையாகும். ஆர் என்பது சிறாரின் வரவைக் குறைக்கிறது, முற்றிலும் தடுப்பதில்லை.

வசூல் என்னும் சொல்லையும் எச்சரிக்கையுடனேயே கையாள வேண்டும். நாளிதழ்களில் வெளியாகும் தொகை, ரசிகர்கள் நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த மொத்தப் பணமாகும்; அதில் ஏறத்தாழப் பாதி திரையரங்குகளுக்குப் போய்விடும். தயாரிப்புச் செலவாகச் சொல்லப்படும் தொகையில் விளம்பரச் செலவு சேர்வதில்லை. இதனால், திரையரங்க வருவாயை மட்டும் கொண்டு முதலுக்கு மோசமில்லாமல் தப்ப ஒரு படம் தன் தயாரிப்புச் செலவைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு வரை வசூலிக்க வேண்டும் என்று தொழிலில் இருப்போர் கணக்கிடுகின்றனர். குடும்பப் படத்துக்கு வேறு அனுகூலங்களும் உண்டு. ஒரு குழந்தை படம் பார்க்க வந்தால் இரண்டு பெரியவர்களும் சீட்டு வாங்குகின்றனர். பகல் காட்சிகள் நிரம்புகின்றன. படம் ஓடி முடிந்த பிறகும் பொம்மை, புத்தகப்பை, கேளிக்கைப் பூங்கா என்று வருமானம் தொடர்கிறது. வயது வந்தோருக்கான படத்துக்கு இந்தப் பின்வருமானம் மிகக் குறைவு.

அமெரிக்காவில் இப்படங்களின் வணிக வரலாறு 1972 ஏப்ரலில் வெளியான ஃப்ரிட்ஸ் தி கேட் என்னும் படத்தில் தொடங்குகிறது. ராபர்ட் கிரம்பின் காமிக்ஸ் பாத்திரமான ஃப்ரிட்ஸ் என்னும் பூனையை வைத்து ரால்ஃப் பக்ஷி இயக்கி, ஸ்டீவ் கிரான்ட்ஸ் தயாரித்த இந்தப் படமே எக்ஸ் சான்றிதழ் பெற்ற முதல் அனிமேஷன் படமாகும். தொடக்கத்தில் ஆர்வம் காட்டிய வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் காட்சிகளின் கடுமையைக் கண்டு விலகிக்கொள்ள, சினிமேஷன் இண்டஸ்ட்ரீஸ் என்னும் சிறிய விநியோக நிறுவனம் படத்தை ஏற்றது. செலவு 10 லட்சம் டாலரைத் தாண்டவில்லை. உலக அளவில் 9 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அக்காலத்துச் சிறு விநியோகஸ்தர்கள் அறிவித்த தொகைகள் இன்றைய கணினிக் கணக்குபோல் துல்லியமானவை அல்ல என்றாலும், அதில் பாதியே உண்மையென்று கொண்டாலும்கூட, போட்ட பணத்துக்கு ஈடாகப் பார்த்தால் இது அனிமேஷன் வரலாற்றின் மாபெரும் வெற்றிகளுள் ஒன்றாகும்.

இந்த வெற்றியில் காலமும் கைகொடுத்தது. எக்ஸ் குறியிட்ட மிட்நைட் கௌபாய் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதை வென்று இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஸ்டான்லி கூப்ரிக்கின் எ க்ளாக்வொர்க் ஆரஞ்சும் அதே குறியுடன் ஓடிக்கொண்டிருந்தது. எக்ஸ் என்றால் துணிச்சலான படம் என்ற மதிப்பு கல்லூரி மாணவர்களிடையே இருந்ததால், விளம்பரங்கள் அந்தக் குறியை மறைக்காமல் பெருமையாகவே பறைசாற்றின. காமிக்ஸ் வழியாக ஃப்ரிட்ஸை அறிந்திருந்த அந்த மாணவர் கூட்டமே படத்தின் முதல் ரசிகர் கூட்டம். ஆனால் எக்ஸ் குறியை, சான்றளிக்கும் அமெரிக்கத் திரைப்படச் சங்கம் வணிக முத்திரையாகப் பதிவு செய்யாமல் விட்டிருந்தது. யார் வேண்டுமானாலும் தம் படத்துக்குத் தாமே சூட்டிக்கொள்ளலாம் என்ற நிலையில் ஆபாசப் படத் தயாரிப்பாளர்கள் அதைக் கைப்பற்றினர். பல நாளிதழ்கள் எக்ஸ் படங்களின் விளம்பரத்தை வெளியிட மறுத்தன. ஃப்ரிட்ஸ் சற்றே தாமதமாக வந்திருந்தால் இதே குறி அதன் கழுத்தை நெரித்திருக்கும்.

கிரம்புக்குப் படம் அறவே பிடிக்கவில்லை. தம் காமிக்ஸிலேயே ஃப்ரிட்ஸைக் கொன்றுவிட்டார். தயாரிப்பாளர்கள் அதைப் பொருட்படுத்தாமல் 1974இல் வேறு இயக்குநரைக் கொண்டு இரண்டாம் படம் எடுத்தனர். பக்ஷியே 1973இல் எடுத்த ஹெவி டிராஃபிக் ஓரளவு நன்றாக ஓடியது. 1975இல் அவர் எடுத்த கூன்ஸ்கின், கறுப்பின மக்களைச் சித்திரித்த விதத்துக்காக எழுந்த எதிர்ப்பினால், பாரமவுண்ட் நிறுவனத்தால் கைவிடப்பட்டு, சிறு விநியோகஸ்தர் ஒருவர் மூலம் வெளியாகி முடங்கியது. ஃப்ரிட்ஸைப் பின்பற்றி வந்த மற்ற எக்ஸ் படங்கள் குறியை மட்டும் பிடித்துக்கொண்டு கூட்டத்தை மறந்தவை. அவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

இதே பக்ஷி இருபது ஆண்டுகளுக்குப் பிறகு பாரமவுண்டுக்காக எடுத்த கூல் வேர்ல்ட் இதற்கு நேர்மாறான பாடத்தைத் தருகிறது. ஆர் சான்றிதழுக்குரிய திகில் படமாகவே அவர் அதைத் திட்டமிட்டிருந்தார். படப்பிடிப்பை நெருங்கும் வேளையில் தயாரிப்புத் தரப்பு கதையை மாற்றி எழுதவைத்து, 13 வயதுக்குட்பட்டோர் குறித்துப் பெற்றோரை எச்சரிக்கும் பிஜி-13 சான்றிதழுக்கு ஏற்றதாக அதை மென்மையாக்கியது. 1992இல் வெளியான அந்தப் படம், 3 கோடி டாலரை ஒட்டிய செலவுக்கு ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் டாலரையே வசூலித்துக் கையைக் கடித்தது. குழந்தைகளை அழைத்துவரப் பெற்றோர் தயங்கினர். பக்ஷியின் பெயருக்காக வந்த பெரியவர்களுக்கோ படத்தில் எதுவுமில்லை. சான்றிதழைத் தளர்த்தினால் வசூல் கூடும் என்ற பொதுக் கணக்கு இங்கே பொய்த்தது.

வயது வந்தோருக்கான அனிமேஷன் முயற்சி ஜப்பானில் அமெரிக்காவுக்கு முன்பே நடந்தது. மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக் கதையின் தந்தையாகப் போற்றப்படும் ஒசாமு தெசுகா நிறுவிய முஷி புரொடக்‌ஷன், பெரியவர்களுக்கென மூன்று படங்களை எடுத்தது. 1969இல் வந்த ஆயிரத்தொரு இரவுகள் நல்ல வரவேற்பைப் பெற்றது. அடுத்த ஆண்டு வந்த கிளியோபாட்ரா நட்டம் தந்தது. அமெரிக்காவில் அதை வெளியிட்டவர்கள் சங்கத்திடம் காட்டாமலேயே எக்ஸ் குறியை ஒட்டிக்கொண்டனர். எய்இச்சி யமமோதோ இயக்கிய பெல்லடோனா ஆஃப் சாட்னஸ் 1973இல் வெளியாகித் தோல்வியடைய, முஷி நிறுவனம் அதே ஆண்டில் திவாலானது. நீர்வண்ண ஓவியங்களை நீளமாக விரித்து, அசைவை மிகவும் சுருக்கி எடுக்கப்பட்ட அப்படம் இன்று உலகெங்கும் திரைப்பட மாணவர்கள் போற்றும் படைப்பாகியிருக்கிறது. அழகில் ஆயிரத்தொரு இரவுகளை எளிதில் விஞ்சும் படைப்பு. ஆயினும் அதைப் பார்க்கக்கூடிய கூட்டம் அப்போது எங்கும் ஒன்றுசேர்ந்திருக்கவில்லை.

எண்பதுகளில் ஒளிநாடா வந்தபின் திரையரங்குக்கு வெளியே ஒரு சந்தை உருவாகியது. 1981இல் அதே பெயருடைய சித்திரக் கதை இதழை அடிப்படையாகக் கொண்டு வந்த ஹெவி மெட்டல், 1 கோடி டாலருக்கும் குறைந்த செலவில் 2 கோடி டாலரை வசூலித்தது. பாடல்களின் உரிமைச் சிக்கலால் 1996 வரை ஒளிநாடாவாக வெளிவர முடியாமலிருந்தும், நள்ளிரவுக் காட்சிகளாலும் கம்பிவடத் தொலைக்காட்சியாலும் அதன் புகழ் குன்றவில்லை. கட்சுஹிரோ ஒடோமோவின் அகிரா 1988இல் வெளியாகி, மேலைநாட்டுத் திரையரங்குகளில் சொற்பமே ஈட்டினாலும் ஒளிநாடா விற்பனையால் ஜப்பானிய அனிமேஷனுக்கு அங்கே ஒரு தலைமுறை ரசிகர்களைத் தேடித் தந்தது. மமோரு ஒஷீயின் கோஸ்ட் இன் தி ஷெல் அமெரிக்கத் திரையரங்குகளில் ஈட்டியது 10 லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. ஆனால் 1996 ஆகஸ்டில் பில்போர்டு இதழின் ஒளிநாடா விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. திரையரங்கக் கணக்கை மட்டும் வைத்து இப்படங்களைத் தோல்வி என்று எழுதியவர்கள், கால் நூற்றாண்டுக்குப் பின் ஜப்பானியப் படங்களுக்காக அமெரிக்கத் திரையரங்குகளில் நீண்ட வரிசைக்கு இங்கேதான் வித்திடப்பட்டது என்பதைக் காணத் தவறினர்.

1999 கோடையில் வெளியான சவுத் பார்க்: பிக்கர், லாங்கர் அண்ட் அன்கட் இந்த ஆய்வுக்கு மிகவும் வாகான படமாகும். ட்ரே பார்க்கரும் மாட் ஸ்டோனும் உருவாக்கி, 1997 முதல் காமெடி சென்ட்ரல் தொலைக்காட்சியில் ஓடிவந்த தொடரின் திரைவடிவம் இது. வெட்டிய காகிதத் துண்டுகளைப் போன்ற எளிய உருவங்களே தொடரின் அடையாளம் என்பதால், பெரிய நிறுவனங்களின் நுணுக்கமான வரைகலைக்கு ஆகும் செலவு இதற்குத் தேவைப்படவில்லை. மலிவாகத் தோன்றுவதே இங்கே அழகியலாக இருந்தது. வசவுச் சொற்களின் எண்ணிக்கையால் படம் மீண்டும் மீண்டும் என்சி-17 பெற்று, வெளியீட்டுக்குச் சுமார் இரண்டு வாரங்கள் இருக்கும்போதுதான் ஆர் சான்றிதழை அடைந்தது. என்சி-17 என்றால் பெரிய திரையரங்குச் சங்கிலிகள் படத்தைத் திரையிடத் தயங்கும் என்பதால் இந்தப் போராட்டம் வெறும் கௌரவப் பிரச்சினையன்று. மேலும், அவ்வாண்டு ஏப்ரலில் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டைத் தொடர்ந்து, ஆர் படங்களுக்கு வரும் இளைஞர்களின் அடையாள அட்டையைச் சோதிப்பதாகத் திரையரங்கு உரிமையாளர்கள் ஜூன் மாதத்தில் அறிவித்திருந்தனர். எனவே பதின்ம வயதினர் பலர் வேறு படங்களுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு சவுத் பார்க் ஓடும் அரங்குக்குள் நுழைந்ததாக அந்நாளைய நாளிதழ்கள் எழுதின. அவர்களின் பணம் வேறு படங்களின் கணக்கில் ஏறியது. சவுத் பார்க்கின் உண்மையான பார்வையாளர் எண்ணிக்கை அதன் வசூல் கணக்கைவிட அதிகம் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தக் கணக்கின்படியே, 2 கோடியே 10 லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம் உலக அளவில் 8 கோடியே 30 லட்சம் டாலரை வசூலித்தது. அதாவது ஏறத்தாழ நான்கு மடங்கு. அதே கோடையில் வந்த டிஸ்னியின் டார்ஜான், 13 கோடி டாலர் செலவில் ஏறத்தாழ 45 கோடி டாலர் ஈட்டி மூன்றரை மடங்கில் நின்றது. தொகையில் டார்ஜான் ஐந்து மடங்கு பெரிது. விகிதத்தில் சவுத் பார்க்கே முன்னிலை. குழந்தைகளும் பார்க்கத்தக்கதென்று பிஜி சான்றிதழ் பெற்ற தி அயர்ன் ஜயன்ட்டும் அதே கோடைக்காலப் படந்தான். விமர்சகர்கள் ஒருமுகமாகப் பாராட்டிய அந்தப் படம், 5 கோடி டாலருக்கும் குறையாத செலவுக்கு உலகெங்கும் 3 கோடியைச் சுற்றியே வசூலித்துப் படுதோல்வி அடைந்தது. மென்மையான சான்றிதழ் அதைக் காப்பாற்றவில்லை.

பெரியவர்களுக்காகக் கலைநோக்குடன் எடுக்கப்பட்ட அனிமேஷன் படங்களின் கணக்கு வேறு மாதிரியானது. நடிகர்களைப் படம்பிடித்து அதன்மேல் வரைந்து உருவாக்கிய எ ஸ்கேனர் டார்க்லி 2006இல் 87 லட்சம் டாலர் செலவில் வந்து அந்தச் செலவைக்கூட வசூலில் எட்டவில்லை. லெபனான் போரின் நினைவுகளைச் சொல்லும் இஸ்ரேலியப் படமான வால்ட்ஸ் வித் பஷீர், 2008இல் மிகக் குறைந்த செலவில் வந்து உலகெங்கும் 1 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. சார்லி காஃப்மனும் டியூக் ஜான்சனும் பொம்மைகளை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் படமாக்கிய அனோமலிசாவுக்கு 2015இல் வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் பெரும் பரிசு கிடைத்தது. சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்ற முதல் ஆர் சான்றிதழ்ப் படமும் அதுவே. எனினும் 80 லட்சம் டாலர் செலவுக்கு 60 லட்சத்துக்கும் குறைவாகவே அதனால் வசூலிக்க முடிந்தது. விருதுகளால் மதிப்பு கூடுகிறது; அரங்கு நிரம்புவதில்லை. இன்னொரு புறம், ஆக்வா டீன் ஹங்கர் ஃபோர்ஸ் என்னும் தொலைக்காட்சித் தொடரின் திரைவடிவம் 2007இல் வெறும் ஏழரை லட்சம் டாலர் செலவில் வந்து 55 லட்சம் டாலரை ஈட்டியது. கலைத்தரத்தில் அனோமலிசாவின் அருகில்கூட வராத படம். ஆனால் அதைத் தயாரித்தவர்களுக்குத் தங்கள் ரசிகர்கள் எத்தனை பேர் என்பது தெரிந்திருந்தது.

ஆர் சான்றிதழ் அனிமேஷனில் சவுத் பார்க் படைத்த வசூல் சாதனையை 2016இல் சாசேஜ் பார்ட்டி முறியடித்தது. பல்பொருள் அங்காடியின் உணவுப் பண்டங்கள் தங்களை வாங்குவோரைக் கடவுளரென நம்பி ஏமாறும் இக்கதையைச் சேத் ரோகனும் நண்பர்களும் பல ஆண்டுகள் ஸ்டூடியோக்களிடம் சொல்லி அலைந்த பின்னரே சோனியும் அன்னபூர்ணாவும் முன்வந்தன. டிஸ்னியின் புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஆலன் மென்கனே இதன் இசையிலும் பங்கேற்றார் என்பது பகடியின் கூர்மைக்குச் சான்று. 1 கோடியே 90 லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்டு 14 கோடி டாலருக்கு மேல் ஈட்டிய இப்படம் ஏழு மடங்கைத் தாண்டியது. அதே கோடையில் பிக்சாரின் ஃபைண்டிங் டோரி 20 கோடி செலவில் 102 கோடி ஈட்டி ஐந்து மடங்கை அடைந்தது. மூலக் காமிக்ஸோ தொடரோ இல்லாவிட்டாலும், ரோகனின் முந்தைய நகைச்சுவைப் படங்களால் திரண்டிருந்த இளைஞர் கூட்டம் இதற்கும் இருந்தது. ஆனால் அந்தக் குறைந்த செலவு எப்படிச் சாத்தியமானது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. கனடாவின் வான்கூவர் நகரில் இதில் பணியாற்றிய கலைஞர்கள் சிலர், கூடுதல் நேர வேலைக்கு ஊதியம் தரப்படவில்லை என்று படம் வெளிவந்த நாள்களிலேயே வெளிப்படையாகக் குறை கூறினர். தயாரிப்புக்கூடம் அதை மறுத்தது. தொழிற்சங்கம் ஒன்று மாகாணத் தொழிலாளர் துறையிடம் முறையிட்டது. சிக்கனமே இத்துறையின் வணிக அடிப்படை என்றால், அந்தச் சிக்கனம் யாருடைய உழைப்பிலிருந்து பிழியப்படுகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும்.

இந்த வெற்றியைக் கண்டு பெரிய நிறுவனங்கள் வரிசையாக ஆர் சான்றிதழ் அனிமேஷன் எடுக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது, அது நடக்கவில்லை. அடுத்த பெரிய அலை ஜப்பானிலிருந்து வந்தது. கொயோஹாரு கொதோகேயின் மங்காவை அடிப்படையாகக் கொண்ட டீமன் ஸ்லேயர்: முகென் டிரெய்ன் 2020 அக்டோபரில் வெளியானது. பெருந்தொற்றால் ஹாலிவுட் படங்கள் தள்ளிப்போயிருந்ததால் ஜப்பானியத் திரையரங்குகள் காலியாகக் கிடந்தன. ஒரே வளாகத்தில் ஒரு நாளைக்கு 40 காட்சிகளுக்கு மேல் திரையிடப்பட்டதும் உண்டு. பத்தே நாளில் 1,000 கோடி யென்னைத் தாண்டிய படம், 4,000 கோடி யென்னுக்கு மேல் வசூலித்து, ஹயாவோ மியாசாகியின் ஸ்பிரிட்டட் அவே கிட்டத்தட்ட இருபது ஆண்டுகளாக வைத்திருந்த சாதனையைக் கடந்தது. ஜப்பானில் இதற்குக் கிடைத்தது பிஜி12. அதாவது 12 வயதுக்குட்பட்டோர் பெற்றோரின் வழிகாட்டலுடன் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகள் குடும்பத்துடன் திரண்டு வந்தனர். அதே படம் அமெரிக்காவில் இரத்தக் காட்சிகளுக்காக ஆர் பெற்றது. அங்கேயும் 2021 ஏப்ரலில் முதல் வாரயிறுதியில் 2 கோடியே 10 லட்சம் டாலரை ஈட்டி, அயல்மொழிப் படம் ஒன்றின் மிகப் பெரிய தொடக்கமாக அமைந்தது.

ஜப்பானின் தயாரிப்புக் குழு முறையும் இங்கே கவனிக்கத்தக்கது. பதிப்பகம், இசை நிறுவனம், விநியோகஸ்தர், அனிமேஷன் கூடம் ஆகியோர் பங்குதாரர்களாகச் சேர்ந்து முதலீட்டைப் பகிர்ந்துகொள்வதால், ஒரு படத்தின் தோல்வி ஒருவரையே வீழ்த்துவதில்லை; மங்கா விற்பனை, தொடர், பாடல் என்று ஒவ்வொருவரும் தத்தம் வழியில் ஈட்டிக்கொள்கின்றனர். முஷி நிறுவனத்துக்கு அன்று வாய்க்காத பாதுகாப்பு இது. படம் திரைக்கு வரும்போது அதன் பாத்திரங்கள் வார இதழிலும் தொலைக்காட்சியிலும் பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கின்றன.

முகென் டிரெய்னின் தொடர்ச்சியான இன்ஃபினிட்டி காசில் 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் மீண்டும் ஆர் சான்றிதழுடன் வெளியாகி, முதல் வாரயிறுதியிலேயே 7 கோடி டாலரைத் தொட்டது. 25 ஆண்டுகளுக்கு முன் க்ரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன் ஈட்டிய 12 கோடியே 80 லட்சம் டாலரைக் கடந்து, அந்நாட்டில் அதிகம் வசூலித்த அயல்மொழிப் படமாயிற்று. உலக வசூல் 70 கோடி டாலரை மிஞ்சியது. இந்தியாவிலும் அதே வாரத்தில் தமிழ், தெலுங்கு, இந்தி ஒலிச்சேர்க்கைகளுடன் வெளியானது. அடுத்த மாதமே செயின்சா மேன் வரிசையின் ரெஸே ஆர்க், அதுவும் ஆர் சான்றிதழுடன், அமெரிக்க வசூல் பட்டியலில் முதலிடம் பெற்றது. திரையரங்குகளில் திரண்டவர்கள் அகிராவின் ஒளிநாடாத் தலைமுறையும், இணையத்தில் தொடர்களைப் பார்த்து வளர்ந்த அதற்கடுத்த தலைமுறையும் ஆவர்.

ஹாலிவுட்டின் தயக்கம் இதனால் நீங்கியதாகத் தெரியவில்லை. ஹோட்டல் டிரான்சில்வேனியா படங்களை இயக்கிய ஜென்டி டார்டகோவ்ஸ்கி, கைவரைகலையில் ஆர் சான்றிதழுக்கென உருவாக்கிய ஃபிக்ஸ்ட், சோனியின் அனிமேஷன் பிரிவில் எடுக்கப்பட்டது. அதை வெளியிடவிருந்த வார்னர் குழுமம் 2024இல் விலகிக்கொண்டது. நெட்ஃபிளிக்ஸ் வாங்கி, 2025 ஆகஸ்டில் இணையத்தில் வெளியிட்டது. இணையத் தளங்களில் ரசிகர் ஒவ்வொரு படத்துக்கும் தனியே பணம் கொடுப்பதில்லை, சந்தாவுக்கே கொடுக்கிறார். எனவே இவ்வாறு வெளியாகும் படங்களுக்குச் செலவையும் வசூலையும் ஒப்பிடும் விகிதக் கணக்கு பொருந்தாது. இன்ஃபினிட்டி காசில் அமெரிக்கத் திரையரங்குகளில் 7 கோடி டாலரைத் தொட்டது, ஃபிக்ஸ்ட் திரையரங்கைத் தவிர்த்து இணையத்துக்குப் போன அடுத்த மாதத்தில்தான்.